படியில்லாத நான்கு நாட்கள்

மகள் அனுப்பிய பட்டியலில் ஏழு இடங்கள் இருந்தன. அவற்றுள் நான்கில் படி இருந்தது. சீகிரியாவில் ஆயிரத்து இருநூறு என்று சொல்கிறார்கள். தம்புள்ளைக் குகைக்கு எத்தனை என்று ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஏறி வந்தவர்களில் ஒருவர் முந்நூறு என்றார், இன்னொருவர் ஐந்நூறுக்குக் குறையாது என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் கிழமை என்னால் நிற்காமல் ஏற முடிந்தது பதினான்கு படிகள்.

இது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். ஆறு வருடமாக ஊருக்கு வரவில்லை. டிசம்பர் லீவுக்குக் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வருவதாக முடிவு செய்து, கொழும்பிலிருந்து புறப்படும் ஒரு கப்பலில் எங்கள் எல்லோருக்கும் இடம் பதிந்துவிட்டாள். அவர்கள் நான்கு பேர், கற்பிட்டியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் மகனும் மருமகளும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் நான்கு பேர், நானும் மனைவியும் இரண்டு பேர். ஆக மொத்தம் பத்து. மூத்தவன் நான், எழுபத்து மூன்று. இளையவளுக்கு நான்கு. கப்பலில் ஏழு இரவு. அதற்கு முன் நான்கு நாள் வான் வண்டி ஒன்றில் நாடு பார்ப்பது என்று திட்டம்.

ஒரு ஞாயிறு காலை, மகனின் தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தோம். மகள் திரைக்குள்ளிருந்து சொன்னாள்:

"கப்பல் கப்பல்காரங்கட பொறுப்பு. அதுக்கு முந்தின நாலு நாளும் வாப்பாட பொறுப்பு. எங்க போற, எங்க தங்குற, எல்லாம் வாப்பா எழுதித் தரோணும்."

"வாப்பாட்ட குடுத்தா எந்த எடத்துல எத்தன கக்கூஸ் எண்டும் எழுதித் தருவார்" என்றான் மகன்.

"அதுவும் தேவதானே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் முப்பத்து நான்கு வருடம் உப்பளத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். லொறியில் ஏறும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லாமல் போனதே தவிர, பழக்கம் போகவில்லை. வீட்டில் அது ஒரு பகிடி. ஆனால் அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாளிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருந்தது பகிடிக்குரியதல்ல.

அன்று குர்பான் இறைச்சிப் பங்குகளைப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொண்டுபோனேன். ஒன்பதாவது வீட்டு வாசலில் நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றியது போல இருந்தது. மூச்சு வரவில்லை. இடது தாடை வரை ஓர் இழுவை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மிச்சம் மூன்று பங்கையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வெயில் என்று சொன்னேன். பிறகு அது திரும்பத் திரும்ப வந்தது. பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் வெங்காயக் கொட்டகை மதிலடியில் ஒரு தரம் நிற்கவேண்டியதாயிற்று. செருப்பு வாரைக் காலாலேயே சரிசெய்வது போல, குனியாமல் நிற்பேன். குனிந்தால் நோவு கூடும். மேல்மாடிக்குப் போவதை நிறுத்தினேன். பேரப்பிள்ளைகளைக் கீழே வரச் சொன்னேன்.

ஏன் வைத்தியரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். என் மூத்த நானா, கூடப்பிறந்த அண்ணன், போனார். நெஞ்சு நோகிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தியரிடம் சொன்னார். அவர் கொழும்புக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் நானாவை ஜனாஸாவாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய திங்கட்கிழமை அவர் என்னோடு இருந்து மூன்று துண்டு பாண் சாப்பிட்டவர். அவர் சொன்னதால் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். படித்தவன்தான் நான். ஆனால் வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முன்னால் வந்து நின்றது.

மற்றொரு பயமும் இருந்தது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கப்பல்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பதினான்கு கேள்விகள், கீழே வைத்தியர் ஒப்பமிட ஓர் இடம். ஒன்பதாவது கேள்வி: படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் உண்டா? உண்மையைச் சொன்னால் என்னை ஏற்றமாட்டார்கள். என்னை ஏற்றாவிட்டால் மகள் எல்லாவற்றையும் ரத்துச் செய்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும். பொய் சொல்லிப் போனால் நடுக்கடலில் எனக்கு ஏதாவது ஆகலாம். மவுத்தானவரைக் கப்பலில் எங்கே வைப்பார்கள், எத்தனை நாள் வைப்பார்கள், யார் குளிப்பாட்டுவார்கள்? எங்கள் ஊரில் காலையில் போனவரை மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கிவிடுவோம். இதையெல்லாம் யாரிடம் கேட்பது? பேனையை எடுத்து ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். மற்றப் பதின்மூன்றையும் உண்மையாகவே நிரப்பினேன். படிவத்தை அலுமாரியில் சேர்ட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் பயணத் திட்டத்தில் இறங்கினேன்.

பதினொரு நாள் எடுத்தது. முதல் நாள் வில்பத்து, ஜீப்பில் இருந்தபடியே பார்க்கலாம். இரண்டாம் நாள் கலாவெவ, குளக்கட்டின் மேலேயே வான் போகும். மூன்றாம் நாள் மின்னேரியா யானைகள், அதுவும் ஜீப். நான்காம் நாள் பேராதனைப் பூந்தோட்டம், அங்கே ஏறி இருந்து சுற்றிப்பார்க்க வண்டி இருக்கிறது. அங்கிருந்து நேரே கொழும்புத் துறைமுகம். சீகிரியா இல்லை. தம்புள்ளை இல்லை. கண்டியில் மலைமேல் இருக்கும் ஹோட்டலும் இல்லை. தங்குமிடம் ஒவ்வொன்றுக்கும் நானே அழைத்தேன். கீழ்த்தள அறை இருக்கிறதா, வாசலில் எத்தனை படி, சாப்பாட்டு அறைக்கு எத்தனை படி என்று சிங்களத்தில் கேட்டேன். அனுராதபுரத்தில் ஒருவர், "அங்கிள், கொஞ்சம் இருங்கள், எண்ணிவிட்டு வருகிறேன்" என்று போனார். உண்மையாகவே எண்ணிக்கொண்டு வந்து "ஆறு" என்றார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

அது முடிந்து வந்த ஞாயிறு திட்டத்தை எல்லோருக்கும் வாசித்தேன்.

"சீகிரியா எங்க வாப்பா?" என்று கேட்டாள் மகள். "புள்ளைகள் அதத்தான் கேட்டுக்கிட்டு இரிக்கிறாங்க."

நான் திட்டம் எழுதிய கொப்பியைப் பார்த்தேன். வெயில், கூட்டம், குளவி என்று மூன்று காரணம் ஆயத்தமாக வைத்திருந்தேன். அதற்குள் மருமகள் என் கையிலிருந்த கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கெட்டிக்காரி, எதையும் முதலில் காண்பவள் அவள்தான்.

"இஞ்ச பாருங்க" என்றாள். "ஒரு எடத்துலயும் படியே இல்ல. ஹோட்டலுக்கெல்லாம் படி எண்ணி எழுதியிருக்கிறார். மாமா எல்லாம் மாமிட முழங்காலுக்காகச் செஞ்சிருக்கிறார்."

மனைவிக்கு ஐந்து வருடமாக முழங்கால் நோவு. அது எனக்கு நினைவிலேயே இருக்கவில்லை. பதினொரு நாளில் ஒரு தரம்கூட நினைக்கவில்லை.

திரையில் மகள் கண்ணைத் துடைத்தாள். "வாப்பா…" என்றாள். மகன் என் தோளைத் தட்டினான். மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் அப்படிப் பார்த்தது மூன்று நான்கு தரம்தான் இருக்கும். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. தேத்தண்ணீரைக் குடித்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய தொல்லை. மதுரங்குளியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் ஆண்கள் பக்கம்வரை கேட்டது: "எனக்காக ஹோட்டல் ஹோட்டலா டெலிபோன் அடிச்சி படி எண்ணினவர்!" என் மச்சான் ஒருவர், மனைவியின் தம்பி, பலர் ஒரே தட்டில் உண்ணும் சகனில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், மெல்லச் சொன்னார்: "மச்சான், நீங்க செஞ்ச வேலயால இன்டைக்கி எங்க ஒருத்தருக்கும் வீட்டுக்குப் போக ஏலா."

நான் இறைச்சித் துண்டொன்றை அவர் பக்கம் தள்ளினேன்.

இரண்டு நாள் கழித்து மனைவி ஒரு புது வேலை தொடங்கினாள். அஸர் தொழுதுவிட்டு, முழங்காலுக்குத் தைலம் பூசி, மேல்மாடிப் படியில் ஏறத் தொடங்கினாள். பத்தொன்பது படி. ஏன் என்று கேட்டேன்.

"என்ட காலால புள்ளைகளுக்கு சீகிரியா இல்லாமப் போகோணுமா? நீங்க எனக்காகச் செஞ்சீங்க, அது பெரிய விசயம். இப்ப நான் ஏறிக் காட்டுறன். கொப்பில திருத்தி எழுதுங்க."

"வேணாம், விழுந்திருவாய்."

"விழுந்தா நீங்க புடிங்க."

முதல் நாள் ஐந்து படி. மூன்றாம் நாள் எட்டு. ஒவ்வொரு நாளும் இறங்கி வந்து என்னிடம் தொகையைச் சொல்லுவாள், எண்ணிக்கைதான் எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். "இன்டைக்கி பன்னெண்டு." எனக்கோ பதினான்கு பதினொன்றாக இறங்கியிருந்தது. அவள் பதினைந்தைத் தொட்ட அன்று, கிணற்றடியிலிருந்து சமைக்கும் குசினிக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர என்னால் முடியவில்லை. வாளியை நடுவழியில் வைத்துவிட்டு முருங்கைக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவன்போல நின்றேன். இன்றைக்கா, நாளைக்கா என்றுதான் யோசனை ஓடியது. டிசம்பருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். எண்ணி முடிக்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின், மனைவி எல்லோரையும் படியடிக்குக் கூப்பிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பத்தொன்பதும் ஏறினாள். பேரப்பிள்ளைகள் கத்தினார்கள். மேலே நின்று மூச்சு வாங்கியபடி சிரித்தாள்.

"உம்மா வெண்டுட்டா" என்றான் மகன். "வாப்பா, இனி சீகிரியாவ எழுதத்தான் வேணும்."

"எழுத முந்தி அவர வரச் சொல்லுங்க" என்றாள் அவள் மேலேயிருந்து. "வாங்க. இஞ்சயிரிந்து களப்புத் தண்ணி தெரியுது, நீங்க பாத்து எவ்வளவு நாள்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏறினேன். மெல்லப் போனால் முடியலாம் என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். ஏழில் முழங்கை வந்து ஊன்றியது. எட்டில் தாடை இழுத்தது. ஒன்பதில் கைப்பிடி வழுக்கியது, உள்ளங்கை முழுக்க வியர்வை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகன் பகிடியென்று நினைத்துக் கீழே கை தட்டினான்.

அவள் தட்டவில்லை. மேலிருந்து இறங்கி வந்தாள், அந்த முழங்காலோடு எப்படி அவ்வளவு விரைவாக வந்தாள் என்று தெரியவில்லை. எனக்கு மேல்படியில் உட்கார்ந்து என் நெற்றியைத் தொட்டாள். கையை எடுத்துப் பார்த்தாள், நனைந்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"நூத்திப் பதினாலு நாள்."

"நூத்திப் பதினாலு நாளா எண்ணிக்கிட்டா இரிந்தீங்க?" குரல் உடைந்தது. "எனக்கு ஒரு நாளாச்சும் சொல்ல ஏலாமப் போச்சா?"

"நானா சொல்லித்தானே…" என்றேன். மீதியைச் சொல்ல மூச்சில்லை. அவளுக்கு விளங்கியது. நானாவின் ஜனாஸா வந்த அன்று என் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

முக்காட்டு நுனியால் என் நெற்றியைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தப் படியெல்லாம் எனக்காக எண்ணல்ல."

"இல்ல."

"மதுரங்குளி முழுக்கச் சொல்லிட்டனே" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள், பிறகு திரும்பவும் அழுதாள். மகன் அதற்குள் வான்காரனைக் கூப்பிட்டுவிட்டான்.

புத்தளத்தில் என்னைப் பார்த்த வைத்தியர் இளவயதுப் பெண். நெஞ்சில் வயர் ஒட்டி மூன்று கடதாசி இழுத்துப் பார்த்தாள், இரத்தம் எடுத்தாள், கேள்விகள் கேட்டாள். மனைவி என் பக்கத்தில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். இதயத்துக்குப் போகும் குழாய்களைக் கொழும்பில் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்றாள். அதைப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் ஒப்பமிடமாட்டேன் என்றாள். நாக்கின் கீழ் வைக்க ஒரு மருந்து தந்தாள். போத்தலில் முப்பது குளிசை. வரும் வியாழக்கிழமைக்குக் கொழும்பு ஆஸ்பத்திரியில் இடம் எடுத்துத் தந்தாள்.

வெளியே மருந்து விற்கும் பாமசி வாசலில் கதிரை போட்டிருந்தார்கள். மனைவி அங்கேயே இருந்து மகளை அழைத்தாள். என்னைக் கேட்கவில்லை. மகள் அழும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கப்பல் என்ற சொல் கேட்டது. "அது போனாப் போகட்டும் உம்மா, நான் ரத்துப் பண்றன். டிசம்பருக்குப் பொறுத்திரிக்க ஏலா, புதன்கிழமை நான் கொழும்புல இரிப்பன்" என்றாள். நான் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

பிறகு தொலைபேசியை என்னிடம் தரச் சொன்னாள்.

"வாப்பா, இப்ப நோகுதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இல்ல மகள். காலையில ரெண்டு தரம். படியில ஒரு தரம்."

"வேற?"

"பயமா இரிக்கி."

அவள் பக்கம் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. "மூணு தரம்" என்று மெல்லச் சொல்லி எழுதினாள். "நாளைக்குக் காலையிலயும் எடுப்பன். நேத்தைக்கு எத்தன, முந்தாநாள் எத்தன எண்டு எல்லாம் சொல்லுங்க. ஒண்டையும் விடவேணாம்."

வியாழக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நானாவின் செவ்வாய்க்கிழமை மனதிலிருந்து போகவில்லை. எழுந்து நடக்க மனைவி கை கொடுத்தாள், அவளுக்கு எழும்ப நான் கை கொடுத்தேன். வான் வாசலுக்கு வந்தது. ஒரு காலை உயர்த்தி ஏறவேண்டிய வான். நடுவில் நின்று மூச்சு வாங்கினேன், இம்முறை யாரிடமும் மறைக்கவில்லை.