மேற்குப் பக்கக் கண்ணாடிச் சுவர்

நான் கட்டிடக்கலை படிக்கச் சேர்ந்ததற்கே எங்கள் ஊர்ப் பக்கத்து ஆர்க்கிடெக்ட் ஒருவர்தான் காரணம். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு, ஊருக்கு வெளியே அவர் கட்டிய வீடுகள் அதிசயமாகத் தெரிந்தன. கல்லூரி விடுமுறையில் அவரைப் போய்ப் பார்த்தேன். தான் கட்டிய வீடு ஒன்றுக்குக் காரில் அழைத்துப் போனார். லினன் சட்டை போட்டிருந்தார். எதைப் பார்த்தாலும் விரல்களைப் படச்சட்டம்போல் மடக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

கூடத்தின் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதை மறைத்துப் பழைய சேலைகள் தொங்கின.

“என்னங்க இது?” என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டார்.

“மதியத்துக்கு மேல அனலா அடிக்குதுங்க. புள்ளைங்க சமையல்கட்டுலதான் படுத்துகினு இருக்குதுங்க.”

“இந்த வூட்டோட அழகே வெளிச்சம்தாங்க. அத மறைக்கலாமா?”

அவரே சேலைகளை அவிழ்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாரும்மா, சுவரே இல்லாத மாதிரி இல்ல?”

படம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அவர் ஏசி காருக்குப் போனதும் அந்த அம்மாவோடு சேர்ந்து சேலைகளைத் திரும்பக் கட்டினேன்.

அன்றே என் கல்லூரி வரைபடத்தில் மேற்கே போட்டிருந்த கண்ணாடியை அழித்தேன். அவரிடம் கற்றது அவ்வளவுதான். ஆனால் வெயிலைப் புகழ்ந்துகொண்டு நின்றபோது, தன் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்ததுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லையா என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.