அப்துல் கனியின் ஜெரேனியம்

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் கனிக்குப் பிள்ளை குட்டி கிடையாது, ஜெரேனியம் இருந்தது. ஊட்டிக்குப் போன இடத்தில் வாங்கி வந்த ஒரே செடியை ஒடித்து ஒடித்து நட்டு, மொட்டைமாடியில் பச்சை வலைக்கு அடியில் பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் வளர்த்து வைத்திருந்தார். "இந்த வெயில்ல அது எங்க பொழைக்கப் போவுது?" என்று தெருவே சிரித்தது. மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சிவப்புச் சிவப்பாய், கொத்துக் கொத்தாய்ப் பூக்க வைத்துக் காட்டினார். அந்தச் செடிகளோடு பேசிய அளவுக்கு மனைவி சபுராவிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். அவளுக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

தை மாதம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான், போய்விட்டார்.

சபுரா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வாசல் தாண்டக் கூடாது. மாடிப்படியோ தெருவைப் பார்த்து இருந்தது. பக்கத்து வீட்டு அமுதத்தைக் கூப்பிட்டு, "ஒனக்குப் புண்ணியமாப் போவும், மாடிச் செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்துடி. அவரு ஞாபகமா எனக்கு வேற இன்னா இருக்கு?" என்று அழுதாள்.

அமுதம் நெல் போடுகிற வீட்டுப் பெண். நாற்றங்காலில் தண்ணீர் வற்றினால் அவளுக்குச் சோறு இறங்காது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தபோது, ஐயோ பாவம், காலையும் மாலையும் குடம் குடமாகச் சுமந்து போய்த் தளும்பத் தளும்ப ஊற்றினாள். இலை மஞ்சளாக மஞ்சளாக இன்னும் ஊற்றினாள். கீழே வந்து, "நல்லா இருக்குதுக்கா" என்று மட்டும் சொல்வாள். துக்க வீட்டில் வேறு என்னத்தைச் சொல்வது?

இத்தா முடிந்த அன்று குளித்துவிட்டுச் சபுரா முதலில் ஏறியது மாடிக்குத்தான். தண்டுகள் எல்லாம் கறுத்து அழுகிக் கிடந்தன. விரல் பட்டதும் கூழாக வந்தது. ஒரு விரற்கடை பச்சைத் தண்டு கிடைத்தால்கூடப் போதும், நட்டுவிடலாம். டப்பா டப்பாவாகத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மண் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டதை, பாழாய்ப்போன அழுகையில், அமுதத்திடம் அவள் சொல்லவே இல்லை.

பின்னாலேயே அமுதம் குடத்தோடு வந்து நின்றாள். "ஒரு வேளைகூட வுடலக்கா. பாய் கையால வச்சதாச்சேன்னு ஓடியோடி ஊத்தனேன். ஏன் இப்பிடி ஆச்சின்னே தெரியல" என்று விம்மினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்திப் பாக்கட்டுமாக்கா? துளுத்துக்கும்."

சபுரா கூழ் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் இவள் உயிரோடு செத்துப்போவாள்.

"ஊத்துடி" என்றாள்.