துணிக்கு மேல் தெரிந்த கண்கள்

பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டேன். அதன்பின் எதையும் முடித்ததாக நினைவில்லை. தேனியில் ஓட்டல் வேலை, கோட்டயத்தில் ரப்பர் பால் சுமந்தது, ஒரு சர்க்கஸில் கூடாரம் அடித்தது, வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கியது. சலித்தால் கிளம்பிவிடுவேன். சில நாள் பட்டினி கிடந்தேன். பிறகு எங்காவது சோறு கிடைத்தது.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கினேன். அங்கே மிளகு புடைத்த பெண்கள் தலைமுறைகளாக மட்டாஞ்சேரியிலேயே குடியிருந்த தமிழ்க் குடும்பத்தினர். தூசிக்காக மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்பார்கள்; பேச முடியாது. எனக்குத் துணி கட்டினால் மூச்சு முட்டும். வாய் திறந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மூட்டையை அவிழ்த்துக் கொட்டியபடி, தும்மலுக்கு நடுவே கதை சொல்ல ஆரம்பித்தேன்.

அவர்கள் முகத்தில் கண் மட்டும்தான் தெரியும். அது முறத்துக்குத் திரும்பினால் கதை படுத்துவிட்டது என்று பொருள். உடனே ஒரு சண்டையோ கல்யாணமோ கொண்டுவருவேன்.

படகுச் சமையல்காரன் ஒருவன் மனைவியிடம் சொல்லாமல் ஓடிப்போகும் கதை வாரக்கணக்கில் ஓடியது. அவள் இடக்கொச்சி படகுத்துறையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் விற்றுக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தாள். அந்தச் சமயத்தில் மங்களூர் லாரி ஒன்றில் எனக்குக் கிளீனர் வேலை கிடைத்தது.

"அவன் திரும்பவே இல்ல. கதை முடிஞ்சுது. நாளைக்கு நான் லாரியில கிளம்புறேன்" என்றேன்.

எல்லோரும் சேச்சி என்று கூப்பிடும் மூத்தவள் துணியைக் கீழே இழுத்தாள். வேலை நேரத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"எடா, அந்தப் பெண்ணைத் துறையில நிறுத்திட்டு நீ லாரி ஏறப் போறியா?"

"முடிவு தெரியல சேச்சி."

"தெரியலன்னா இருந்து யோசி."

"கிளீனர் வேலை போயிடுமே."

"போனாப் போட்டும். வேலை கிடைக்கிறதா உனக்குக் கஷ்டம்? அதுல இருக்கிறதுதானே கஷ்டம்!"

துணிகளுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் தும்மல் கிளம்பி, முறங்களிலிருந்து மிளகு சிதறியது.

லாரி நானில்லாமல் போனது. மழை பிடிப்பதற்குள் சமையல்காரனைத் திரும்பக் கொண்டுவந்தேன். மனைவி அவனைத் துறையிலேயே நிறுத்திவைத்து ஏசித் தீர்த்தாள். நான் முடித்த முதல் காரியம் அதுதான். மறந்துவிடக் கூடாதென்று எழுதியும் வைத்தேன், நிறையப் பிழைகளோடு. எண்பதுகளின் தொடக்கத்தில் மதராஸ் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது.

அந்தப் பெண்களுக்கு மலையாளம்தான் படிக்க வரும். அதனால் முறங்களுக்கு நடுவே நின்று நானே வாசித்தேன். ஒரு கண்ணும் முறத்துக்குத் திரும்பவில்லை. முடித்ததும் சேச்சி துணியை இறக்கினாள்.

"அன்னைக்கு அவ இதைவிடக் கூடுதல் ஏசினாளே?"

"பத்திரிகைக்காரங்க வெட்டிட்டாங்க சேச்சி."

"அப்போ அவங்க யாருக்கும் பெண்டாட்டி இல்ல" என்று சொல்லித் துணியைக் கட்டிக்கொண்டாள்.

நான் அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்.