அமெரிக்கக் காட்டுக் கவிஞரும் என் இடது நுரையீரலும்

அந்த வாரம் மில்லில் படாக் அறுக்கவில்லை.

இது எவ்வளவு பெரிய சேதி என்று தெரிய, அந்தமானில் மர மில் ஒன்றில் வேலை பார்த்திருக்க வேண்டும். படாக் சிவப்பு மரம். அதை அறுக்கும் நாட்களில் தூள் மூக்கில் ஏறித் தொண்டையில் படியும். துப்பினால் சிவப்பு. குளித்தால் சாக்கடை சிவப்பு. வெற்றிலை போடாத வாய் இந்த மில்லில் கிடையாது என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. நான் அங்கே கட்டைகளின் சுற்றளவை நாடா பிடித்து அளந்து எண் குத்தும் குமாஸ்தா. ஐந்து மாதமாக இருமிக்கொண்டிருந்தேன். சிவப்பாகத் துப்பிக்கொண்டிருந்தேன். எல்லாரும் துப்பினார்கள், நானும் துப்பினேன்.

அந்த வாரம் தீக்குச்சிக்குப் போகும் வெள்ளை மரம் வந்தது. தூள் கோதுமை மாவு மாதிரி எல்லார் தலையிலும் படிந்திருந்தது. மூன்றாம் நாள் மதியம் குழாயடியில் வாய் கொப்பளித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் துப்பியது வெள்ளை. என்னுடையது சிவப்பு. முதல் தடவையாகக் குனிந்து உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் நுரை இருந்தது. மரத்தூள் நுரைக்காது.

இதைப் படிக்கிற உங்கள் ஊரிலும் ஒரு படாக் இருக்கும். பஞ்சாலைத் தூசியோ, சுருட்டோ, மழைக்காலமோ. அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நடமாடாதீர்கள். நான் போட்டேன். அந்த ஐந்து மாதத்தை இடது நுரையீரல் தின்றுவிட்டது.

டாக்டர் வங்காளி. பேசியதெல்லாம் ஹிந்தியில், என் நினைவில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் மேலே ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குக் கறுப்பு வட்டம். கேவிட்டி (கிருமி அரித்துத் தோண்டிய குழி) என்றார்.

“தினமும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி). மூன்று மாதம். கூடவே மாத்திரையும் பாஸ் என்கிற மருந்துத் தூளும், அது ஒன்றரை வருஷம். மூன்று மாதத்தில் குழி மூடினால் சரி. மூடவில்லையென்றால் மெட்ராஸ்.”

“மெட்ராஸில் என்ன செய்வார்கள்?”

“விலா எலும்பு சிலதை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை அமுக்கிவிடுவார்கள்.”

அப்படி அமுக்கப்பட்டு வந்த ஒருவரை எங்கள் ஊர் மரைன் ஹில் ஏற்றத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு தோள் சரிந்து, சட்டை அந்தப் பக்கம் காலியாகத் தொங்கும். அந்த உடம்போடு திரும்பி வரமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பிறகு செய்த முட்டாள்தனம் எல்லாம் இந்த முடிவிலிருந்து வந்ததுதான்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். “தலை சுற்றினாலோ காதில் சத்தம் கேட்டாலோ உடனே சொல்லணும் பாபு. இந்த ஊசி காதுக்குள் போய்க் கெடுக்கும். மறைக்கக் கூடாது.”

தலையாட்டினேன்.

வார்டில் நாலு கட்டில். என் பக்கத்துக் கட்டிலில் அப்பாராவ், ஜங்கிளிகாட் மீன்காரர், தெலுங்கர். ஜெட்டியில் (படகுத்துறை) கற்ற தமிழும் தீவு ஹிந்தியும் கலந்து பேசுவார். சாயங்காலமானால் என் மனைவி செண்பகம் டிபன் கேரியரோடு மேட்டிலிருந்து இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே விடமாட்டார்கள். மில் நண்பர்களும் வந்தார்கள், இளநீரோடும் அறிவுரையோடும். இளநீரை வாங்கிக்கொண்டேன். “மனசைத் தைரியமா வெச்சுக்குங்க அண்ணே, பாதி நோய் மனசுலதான்” என்றான் ஒருவன். மிச்சப் பாதியை உன் மேல் இருமட்டுமா என்று கேட்டேன். அதன்பின் அவன் வரவில்லை.

மூன்றாவது வாரம் கப்பலில் ஒரு பார்சல் வந்தது, மெட்ராஸிலிருந்து செண்பகத்தின் தம்பி அனுப்பியது. உள்ளே செங்கல் கனத்தில் ஒரு புத்தகம்: ஓர் அமெரிக்க இயற்கைக் கவிஞரின் மொத்தக் கவிதைகள். கூடவே கடிதம். ‘அத்தான், நீங்களும் காட்டில் இருக்கிறீர்கள், இவரும் காட்டைப் பற்றியேதான் எழுதியிருக்கிறார். நீங்கள் வசன கவிதை எழுதுகிறவர். படித்தால் நுரையீரலுக்கே நல்லது.’

கவிஞரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவரைப் படித்தவர்கள் அவருக்குப் பரிந்து பேச வருவார்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சு கிடையாது.

படுத்தவாறு நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டியது. ஒருக்களித்துப் படித்தேன். முதல் இருநூறு பக்கம் அந்த மனிதர் நடக்கிறார். பனியில் நடக்கிறார், பனி உருகியதும் சேற்றில் நடக்கிறார். யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. எங்கள் காட்டில் பத்து எட்டு வைத்தால் கணுக்காலில் அட்டை தொங்கும். அவர் காட்டில் கொசுகூடத் தள்ளி நின்று மரியாதை செய்கிறது. மரத்தை அண்ணன் என்கிறார். குளத்தைப் பார்த்துத் தன் மனசாட்சி என்கிறார். ஒரு மரம் புயலில் விழுந்ததற்கு நாலு பக்கம் அழுகிறார். அதன் சுற்றளவை மட்டும் சொல்லவில்லை.

ஒரு வரியாவது இருமியிருப்பாரா என்று தேடினேன். ஒரு ஜலதோஷம்கூட இல்லை. இரண்டு நுரையீரலும் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, அந்தக் காற்றையே வியந்து பாடிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை செய்ய முடியாது. பாஸ் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடித்ததும் குமட்டும். குமட்டல் வந்த பிறகு இன்னும் இரண்டு பக்கம் படிப்பேன். இரண்டும் ஒரே ருசி.

“என்ன பாய், அந்த புஸ்தகத்தை நாள்பூரா மொறைக்கறே?” என்றார் அப்பாராவ்.

“கவிதை.”

“படி, நானும் கேக்கறேன். டைம் போகணுமில்ல.”

தண்ணீரில் நிற்கும் நெட்டைக்கால் பறவை ஒன்றைப் பற்றிய கவிதையை ஹிந்தியில் சொன்னேன்.

“அச்சா. அப்பறம்?”

“அப்பறம் பறந்து போயிடுது.”

“இவன் என்ன பண்ணான்?”

“பார்த்துக்கிட்டு நின்னான்.”

“அரே, அவ்வளவுதானா? எங்க ஜெட்டியில நாய்கூட அப்படித்தான் நின்னு பாக்குது. அதுக்கும் புஸ்தகம் போடு.”

சிரித்தேன். சிரிப்பு இருமலானது. இருமல் முடிய வெகுநேரம் ஆயிற்று.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு காலை, முகம் கழுவக் குனிந்தேன். தரை இடது பக்கமாக நழுவியது. சுவரைப் பிடித்தேன். மறுநாளும் நழுவியது. கண்ணை மூடினால் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. டாக்டர் சொன்னது இதுதான் என்று புரிந்தது. சொன்னால் ஊசியை நிறுத்துவார். நிறுத்தினால் குழி மூடாது. மூடாவிட்டால் மெட்ராஸ், விலா எலும்பு, சரிந்த தோள். என் கணக்கு இவ்வளவு நேராக இருந்தது. சொல்லவில்லை.

மறைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. டாக்டர் சுற்று வரும் நேரத்தில் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பின்தலையைச் சுவரில் அழுத்தி, மடியில் அந்தச் செங்கல்லை விரித்துவைத்துக்கொள்வேன். படிக்கிறவனை யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. “வாஹ், படிக்கிற பேஷண்ட்!” என்று டாக்டர் சந்தோஷமாக அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். புத்தகம் என்னிடம் வந்து முதல்முதலாகச் செய்த உபயோகம் அதுதான்.

தலை சற்றே அசைந்தாலும் எழுத்துகள் துள்ளின. அசையாமல் இருந்தால் நின்றன. அசையாமல் உட்கார்ந்த மனிதனுக்கு எதிரே இருப்பதைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பொய்யாக விரித்த பக்கங்கள் புத்தகத்தின் கடைசிப் பகுதி. அங்கே அவர் கிழவர். வரிகள் சுருங்கிவிட்டிருந்தன. குளத்துக்குப் போவதில்லை, ஜன்னலிலிருந்து குளம் இருக்கும் திசையைப் பார்க்கிறார். மரத்தை அண்ணன் என்று கூப்பிடுவதையும் எப்போதோ விட்டுவிட்டார். இந்த ஆள் எனக்குப் பழக்கமில்லையே என்று நிமிர்ந்தேன். எழுத்துகள் துள்ளின. மறுபடி தலையைச் சுவரில் வைத்தேன்.

ஒரு கவிதையில் அடுப்புக்காகத் தன் முற்றத்து மரம் ஒன்றை அவரே அறுக்கிறார். அழவில்லை. மரத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாதியில் மூச்சு வாங்க நிற்கிறார்; நின்ற இடத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது சட்டைக் கைமடிப்பிலிருந்து மரத்தூள் மேசையில் கொட்டுகிறது. மனைவி அதைத் துடைக்கிறாள். அவ்வளவுதான் கவிதை.

கைமடிப்பில் தூள் சேரும் என்பது யாரிடமாவது கேட்டு எழுதுகிற சேதி இல்லை. ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். நாற்பது வருஷம் நடந்து நடந்து ஏமாற்றிய மனிதர் கடைசியில் ஓரிடத்தில் நின்று ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முதல் பக்கத்திலேயே செய்திருக்கக் கூடாதா?

அப்பாராவுக்குச் சொன்னேன்.

“மரம் வெட்டினான், சோறு தின்னான். இது ஒரு கவிதையா?”

“வாயை மூடுய்யா. மீனைத் தவிர உனக்கு என்ன தெரியும்?”

“ஓஹோ! நேத்து வரைக்கும் அந்தாளைத் திட்டினே. இன்னைக்கு என்ன, சம்பந்தியா ஆயிட்டாரா?”

இன்றைக்கும் என் தீர்ப்பு இதுதான்: அறுநூறு பக்கத்தில் நாற்பது பக்கம் தேறும். ஆனால் அந்த நாற்பது பக்கத்தின் எதிரே என் வசன கவிதைகளை வைத்துப் பார்த்தேன். நானும் இத்தனை வருஷம் கடலைப் பற்றி நுரை நுரையாக எழுதியிருக்கிறேன். மில்லைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரைத் திட்டிய ஒவ்வொரு வசையும் எனக்குச் சரியாகப் பொருந்தியது. இதையா பாராட்டு என்பார்கள், தெரியாது. கடன்காரனைப் பார்த்ததுபோல் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன்.

தலைசுற்றல் தொடங்கிய பின் பதினோரு ஊசி போட்டுக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் டாக்டர் கட்டிலருகே நின்று, “அப்படி என்ன இருக்கு அதில்? ஜன்னல் பக்கம் வா பாபு, எனக்கும் ஒன்று படித்துக் காட்டு” என்றார். எழுந்தேன். இரண்டு எட்டு. மூன்றாவது எட்டு வைக்கத் தரை அங்கே இல்லை. புத்தகத்தோடு அப்பாராவ் கட்டிலின் மேல் விழுந்தேன். “அம்மா!” என்று அவர் தெலுங்கில் அலறினார்.

டாக்டர் என்னைத் தூக்கி உட்காரவைத்தார். கண்ணை மூடச் சொன்னார், உடனே சாய்ந்தேன்.

“எத்தனை நாளாக?”

சொன்னேன்.

“யார் கொடுத்த அதிகாரம்? இது உன் மில்லா, நீயே அளந்து நீயே நம்பர் குத்த? காதுக்குள், உடம்பை நேராக நிறுத்தும் ஒரு மட்டப்பலகை இருக்கிறது. அதை எரித்துவிட்டாய். கொஞ்சம் திரும்பலாம். முழுதாகத் திரும்பாது.”

ஊசி அன்றோடு நின்றது. அடுத்த மாதப் பரிசோதனையில் சளி நெகட்டிவ் (கிருமி இல்லை). புதிய எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டம் போய் ஒரு வெள்ளைத் தழும்பு. மெட்ராஸ் வேண்டாம் என்றார் டாக்டர். நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன்: குழியை மூடியது அந்தப் பதினோரு ஊசிதானா?

“இருக்கலாம். அது இல்லாமலே மூடியும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. அதுதான் உனக்குத் தண்டனை.”

அன்று சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நின்ற செண்பகத்திடம் முழுவதையும் சொன்னேன். “ஒரு தோளு சரிஞ்ச புருஷனோட நான் குடும்பம் நடத்தமாட்டேன்னு ஒங்ககிட்ட சொன்னேனா?” என்று கேட்டாள். டிபன் கேரியரை வைத்துவிட்டுப் போனாள். உங்களுக்கு என் ஒரே அறிவுரை இதுதான். உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் வீட்டில் சொல்லுங்கள்.

மாத்திரைக் காலம் முடிந்ததும் மில் தூசி ஆகாதென்று என்னை ஹேவ்லாக் தீவில் ஒரு சிறிய ஆபீசுக்கு மாற்றினார்கள். நாங்கள் லாஞ்சில் (மோட்டார் படகு) புறப்பட்ட நாள் கடல் மோசமாக இருந்தது. ஏறியவர்கள் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். கடலிலேயே பிறந்தவர்போல் பேசிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். செண்பகம் மூட்டை மேல் சுருண்டு கிடந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பியைப் பிடித்து நின்று, அவள் கட்டிய புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். குமட்டலை உண்டாக்குவதும் காதுக்குள் இருக்கும் அதே மட்டப்பலகைதான் என்று டாக்டர் பின்னொரு நாள் விளக்கினார். எரிந்துபோனதற்குக் கடலும் ஒன்றுதான், கரையும் ஒன்றுதான். தடுமாறும் அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருவன் திடமாக நின்றேன். அந்த இரண்டு மூன்று மணி நேரம் அற்பமான ஒரு சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன்.

லாஞ்ச் நின்றது. எல்லாரும் நாலைந்து எட்டு தள்ளாடி, முகம் துடைத்து, நேராக நடந்து மணலில் மறைந்தார்கள். நான் இறங்கும் பலகையின் விளிம்பில் நின்றேன். முன்பெல்லாம் நடை எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு எட்டுக்கும் கண்ணால் தரையைத் தேடி, பாதத்தால் கேட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும். மற்றவர்களின் ஒரு நிமிஷம் எனக்கு மூன்று. நாளும் அதே அளவுக்கு நீண்டுவிட்டது. காலையில் கதவிலிருந்து கிணற்றுக்குப் போவதற்குள் ஒரு பயணம் முடிந்திருக்கும்.

வாந்தியெடுத்து வெளுத்த முகத்தோடு செண்பகம் கீழே நின்று கை நீட்டினாள்.

“தரைதாங்க. வைங்க.”

நான் நம்பவில்லை. வைத்தேன்.