நான் மாற்றிய உருண்டை எழுத்து

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் மருமகள் குழந்தைகளுக்கான பட்டுக்கடை தொடங்கினாள். பேனருக்கு அவள் தேர்ந்தெடுத்தது தடித்து, உப்பி, உருண்டு கிடக்கும் ஓர் எழுத்து. ஐஸ்கிரீம் வண்டியிலும் மழலையர் பள்ளிச் சுவரிலும் காதணி விழா பேனரிலும் பார்ப்போமே, அதுதான்.

"இது எழுத்தா, குழிப்பணியாரமா?" என்றேன்.

"கொழந்தைங்க கடை மாமா. பாத்த ஒடனே சிரிப்பு வரணும்."

எனக்கு வரவில்லை. பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எழுத்தென்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது என் கட்சி. பிழை பார்த்துவிட்டு வரச்சொல்லி அவள் என்னை பிளெக்ஸ் கடைக்கு அனுப்பினாள். பிழை இல்லை. ஆனால் கணினியில் இருந்த பெண்ணிடம், மெலிந்து நேராக நின்ற வேறோர் எழுத்தைக் காட்டி, "இதைப் போடும்மா" என்றேன்.

"அக்கா ஓகே சொல்ட்டாங்களா சார்?"

"சொல்லிட்டா."

அது பொய்.

திறப்பு விழாவன்று காலை பேனரைக் கட்டினார்கள். உள்ளே துணி அடுக்கும் அவசரத்தில் மருமகள் அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நடுவில் பட்டுப் பாவாடையில் கைகூப்பிய என் பேத்தியின் படம், சுற்றிலும் பூ, மேலே என் கண்ணியமான எழுத்து. பெரணமல்லூரிலிருந்து கல்யாணத் துணிக்கு வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்து முகம் வாடினார்.

"எப்பம்மா எடுத்தாங்க?"

படத்தைக் கேட்கிறார் என்று நினைத்தாள் மருமகள். "போன வாரந்தாங்க எடுத்தோம். நல்லா வந்துகீதில்ல?"

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பேத்தி பஜ்ஜியும் கையுமாக வெளியே ஓடிவந்தாள். "ஐயோ, கொழந்த இங்க கீதே!" என்று அலறினார் அம்மாள்.

எதிர் டீக்கடைக்காரர் வந்துவிட்டார். "எப்படிக் கேக்கறதுன்னு நானும் பேஜாரா ஒக்காந்துகினு இருந்தேன். கண்ணீர் அஞ்சலிக்குப் போடற எழுத்தாச்சேங்க இது!"

அப்போதுதான் மருமகள் அண்ணாந்து பார்த்தாள். உடனே பிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டாள். "ஏம்மா, கொழந்த படத்து மேல போடற எழுத்தா இது?"

நான் குறுக்கே புகுந்தேன். "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் மாத்தினேன். நீ ஒத்துக்கிட்டதா பொய் சொன்னேன்."

போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "புடிக்கலன்னா எங்கிட்ட சண்ட போட்டிருக்கலாமே மாமா. என் கடைங்க இது." பிறகு, "பாப்பாவக் கூட்டிக்கினு வாசல்ல நில்லுங்க. வர்றவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள்.

நின்றேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார்கள்.

இன்று உறுதியாகச் சொல்வேன், அவள் தேர்வுதான் சரி. 'பட்டுப் பாவாடை' என்ற சொல்லில் ப ஒரு பெட்டி, ட ஒரு சுவர்மூலை. குழந்தை இடித்துக்கொண்டாலும் வலிக்காதபடி அந்த மூலைகளையெல்லாம் மழுக்கிவிடுகிறது உருண்டை எழுத்து. அன்று மாலையே புதிய பேனர் அந்த எழுத்தில் வந்தது. பிழை பார்க்க அவளே போயிருந்தாள்.