மூச்சு வாத்தியாரின் பதினேழு குறைகள்

மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெரிய மனிதர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் மூச்சு வாத்தியாரின் தொழில். எப்பேர்ப்பட்டவர் வந்தாலும் முதல் பத்து நாள் மூச்சுப் பயிற்சிதான், ஒரு வார்த்தை பேச விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவருடைய அறை. உள்ளே ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று, நாற்காலி இரண்டு. நாற்காலிகளுக்குச் சக்கரம் கிடையாது. சங்கடமான பேச்சு வந்தால் ஆள் மெல்லப் பின்னால் உருண்டு போய்விடுகிறார் என்று முதல் வருடமே மாற்றிவிட்டார்.

பக்கத்து அறையில் அவருடைய அக்கா. போன் எடுப்பது, யார் எந்தக் கிழமை என்று எழுதிவைப்பது, ஒருவர் இறங்கிப் பத்து நிமிடம் ஆன பிறகே அடுத்தவரை ஏற விடுவது எல்லாம் அக்கா பொறுப்பு. அக்காவின் படிப்பு எட்டோடு நின்றது. ஆனாலும் இருபத்திரண்டு வருடத்தில் மேயரும் மருத்துவமனைத் தலைவரும் ஒரு தடவைகூடப் படியில் முட்டிக்கொண்டதில்லை.

வாத்தியாரிடம் வந்தவர்கள் லேசில் விட்டுப் போவதில்லை. யார் வருகிறார்கள் என்று அவர் வெளியே வாய் திறப்பதில்லை. யாரோடும் நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிப்பு வந்தால் மட்டும் சிரிப்பார். சம்பளத்துக்குச் சிரிக்கத்தான் அவர்களிடம் நூறு பேர் இருக்கிறார்களே. இன்னொரு வழக்கமும் உண்டு. பேசி முடித்த அன்று நல்லதை மட்டும் சொல்வார். குறை எல்லாம் மூன்றாம் நாள்தான்.

"மேடையை விட்டு இறங்கின அன்னைக்கு மனுஷன் தோல் உரிச்ச மாதிரி இருப்பான்க்கா. அப்போ போய் உப்பு தடவக் கூடாது" என்பார்.

அவரிடம் வந்தவர்களிலேயே நெருக்கமானவர் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சேர்மன். பதினாலு வருடத்துக்கு முன் உதவி மேலாளராக வந்தவர். பத்துப் பேர் முன்னால் நின்றால் குரல் கிணற்றுக்குள் இருந்து வரும். இன்று மூவாயிரம் பேருக்குத் தலைவர். இன்றும் பேச்சு இருக்கிற நாளில் காலை எட்டு மணிக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு, முதல் வரியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்.

கம்பெனியின் இந்த வருடக் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா செய்தி கொண்டுவந்தார்.

"தம்பி, உன் சேர்மனுக்கு அவங்க கம்பெனியில புதுசா ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணியிருக்காங்களாம். வாரம் ரெண்டு தடவை ஆபீசுக்கே வந்து பேச்சு சொல்லித்தருதாம். அவரோட செக்ரட்டரி சொன்னா."

"தரட்டுமே. எனக்கென்ன?"

"உனக்கு ஒண்ணுமில்ல. டீயில மூணாவது தடவையா சர்க்கரை போடுறியே, அதான் கேட்டேன்."

கூட்டத்து நாளும் வந்தது. எட்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. எட்டேகாலுக்கு வாத்தியார் அதைக் குலுக்கிப் பார்த்தார். எட்டரைக்கு, "அக்கா, உன் போன்ல இருந்து என்னைக் கொஞ்சம் கூப்பிடு" என்றார். கணீரென்று அடித்தது. போனில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் வயிறு எரிந்தது.

அழைப்பிதழ் வந்திருந்ததால் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு காகிதம் இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் மடியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

சேர்மன் பேசினார். பழைய தொழிற்சாலையை மூடப்போகிறோம், நானூறு பேர் இடம் மாறவேண்டும் என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். முன்னால் இருந்தவரின் தலை மறைத்ததால் வாத்தியாருக்கு ஆள் தெரியவில்லை, குரல் நின்றது மட்டும் தெரிந்தது. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. அந்த நிறுத்தத்துக்காக வாத்தியார் ஆறு வருடம் தலைகீழாக நின்றிருக்கிறார். கெட்ட செய்தி சொன்னதும் சேர்மன் ரயிலைப் பிடிக்கிறவர் மாதிரி அடுத்த வரிக்கு ஓடுவார். தன்னால் முடியாததை இவள் மூன்று வாரத்தில் செய்துவிட்டாளா? பேனா தானாக எழுதத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் குறைகளை வரிசை எண் போட்டுக் கைபேசியில் தட்டிச் சேர்மனுக்கு அனுப்பினார். மொத்தம் பதினேழு.

அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னைக்கே குறையா? மூணாம் நாள்னு சொல்லுவியே?"

"எல்லாத்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு."

"ஓ. அதுக்கு என்ன வயசு இருக்கும், முப்பதா?" என்று கேட்டுவிட்டு அக்கா நகர்ந்தார்.

அனுப்பிய அரை மணி நேரத்தில் சூடு இறங்கிவிட்டது. திருப்பி எடுக்க வழியில்லை. படித்துவிட்டதற்கு அடையாளம் வந்துவிட்டது, பதில் வரவில்லை. பதினாலு வருட உறவைத் தன் கையாலேயே முறித்துக்கொண்டோம் என்று அவருக்கு உறைத்தது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் சேர்மனே மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து கைபேசியை எடுத்தார்.

"பதினோராவது குறை, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சது. சார், அது நான் மேடை ஏறுறதுக்கு முன்னாடி."

சேர்மன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"நேத்து உங்க போனுக்காகத்தான் காத்திருந்தேன். பேச்சு முடிஞ்சா நீங்க சொல்ற நல்ல வார்த்தை கேட்டுட்டுத்தான் நான் சாப்பிடவே போவேன். நானூறு குடும்பத்தைக் கிளம்புங்கன்னு சொல்லிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன், குற்றப்பத்திரிகை வருது. இது என் பேச்சைப் பத்தினதா, அந்தப் பொண்ணைப் பத்தினதா?"

சக்கரமில்லாத நாற்காலியில் வாத்தியாருக்கு நகர வழியில்லை.

"பொறாமைதான்" என்றார். "காலையில நீங்க கூப்பிடலை. அதுலயே ஆரம்பிச்சிடுச்சு."

"கூப்பிட்டு எதைப் படிக்கிறது சார்? முதல் வரியை எழுதிவைக்காதீங்க, கூட்டத்தைப் பார்த்துட்டு வாயில வர்றதைச் சொல்லுங்கன்னு அவங்க சொல்லிட்டாங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குச்சு. அப்போ உங்களைக் கூப்பிட்டிருந்தா அழுதிருப்பேன்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "நேத்து சொல்லவேண்டியதை இப்போ சொல்றேன். அந்த நிறுத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் கேட்டதுலயே நல்ல நிறுத்தம் அதுதான்."

சேர்மன் எழுந்து, "அவங்க இருப்பாங்க சார். நல்லா சொல்லித்தர்றாங்க, நான் விடப்போறதில்ல. ஆனா நடுக்கத்தை அவங்ககிட்ட காட்ட முடியாது. வியாழக்கிழமை எப்பவும் போல வர்றேன். மீதி பதினாறையும் அன்னைக்குப் பேசலாம்" என்றார்.

போன உயிர் வந்தது. ஆனாலும் வாசல்வரை போனவரை வாத்தியாரால் விட முடியவில்லை.

"அந்த நிறுத்தத்தை எப்படி வரவெச்சா?"

"கெட்ட செய்தி சொன்னதும் ரெண்டு மடக்குத் தண்ணி குடிங்கன்னாங்க. அவ்வளவுதான்."

ஆறு வருடம். மூச்சை எண்ணச் சொல்லி, கட்டை விரலை அழுத்தச் சொல்லி, ஆறு வருடம். தண்ணீர். வாத்தியாருக்கு நேற்றைவிட இப்போதுதான் நன்றாகப் புகைந்தது.

பதினோரு மணிக்கு மருத்துவமனைத் தலைவர் வரவேண்டும். அக்கா உள்ளே வந்தபோது நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியும், அதன்மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரும் இருந்தன.

"என்ன தம்பி இது, புதுசா?"

"ரொம்ப நாளா மனசுல இருந்த யோசனைக்கா."

"அப்படியா" என்ற அக்கா, டம்ளரைக் கை எட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.