நாற்பது ஷாஃப்டில் ஒரே இடத்துத் துரு

குறிச்சித் தொழிற்பேட்டை டீக்கடையில் ஒரு பேச்சு ஓடியது. எவர்சில்வரையே துருப்பிடிக்க வைக்கும் பெண் ஒருத்தி போத்தனூர்ப் பக்கம் இருக்கிறாளாம். கிளப்பியவர் பம்பு செய்யும் அப்புசாமி. சாட்சிக்கு, அவளிடம் கெட்டிப்படுத்தக் கொடுத்துத் துருவோடு திரும்பிய நாற்பது பம்பு ஷாஃப்ட் வைத்திருந்தார்.

விசாரித்துப் பார்த்ததில் பெண்ணும் உண்மை, துருவும் உண்மை.

பெயர் புவனா. நரசிம்மலுவின் பட்டறையில் ஒன்பது வருடமாகப் பிளாஸ்மா நைட்ரைடிங் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் நைட்ரஜனை விட்டு மின்சாரம் கொடுத்தால் ஊதா வெளிச்சம் எழும். இருபது மணி நேரம் அதில் கிடந்த எவர்சில்வரின் மேல்தோலில் அரம் போட்டாலும் வழுக்கும். சூடு அளவைத் தாண்டினால்தான் வம்பு. தோல் கெட்டியாகும், துருவும் பிடிக்கும். புவனா தாண்டியதில்லை என்றுதான் பதிவுத்தாள் சொன்னது. டீக்கடை பதிவுத்தாள் படிப்பதில்லை. இரண்டு வாடிக்கைக்காரர்கள் ஓசையில்லாமல் வேறிடம் போனார்கள். இன்னும் ஒருவர் போனால் எந்திரத்தை விற்றுவிட வேண்டியதுதான் என்று நரசிம்மலு, மிகுந்த மரியாதையோடு, புவனாவிடம் சொன்னார்.

புவனா அப்புசாமியை ஷாஃப்டுகளோடு வரவழைத்து, நாற்பதையும் மேசையில் வரிசையாகப் படுக்கவைத்தார். எல்லாவற்றிலும் துரு நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி, கட்டைவிரல் அகலத்தில் இருந்தது. பொட்டு வைத்தது இந்த இடத்தில்தானே என்று கேட்டார். அப்புசாமி போனைத் துழாவி ஒரு படத்தை எடுத்தார். புது ஆர்டரின் முதல் சரக்குக்கு அவர் வீட்டம்மா முத்தாத்தாள் போட்ட பூஜை. நாற்பது ஷாஃப்ட், நாற்பது சந்தனக் குங்குமப் பொட்டு.

பொட்டின் பிசுக்கு ஒட்டியிருந்தால் தொட்டிக்குள் அங்கே பொறி பறக்கும், அந்த இடத்தில் மட்டும் சூடு ஏறிவிடும் என்று புவனா விளக்கினார்.

"ஏனுங்க அம்மணி, கழுவித்தானுங்களே உள்ள வெப்பீங்க?"

"மத்த இடமெல்லாம் தின்னர்ல கழுவுனேனுங்க. பொட்டை மட்டும் ஈரத்துணியில தொடச்சுப்போட்டேன். சாமிப் பொட்டு, தின்னர் ஊத்த மனசு வரலீங்க."

அப்புசாமிக்குக் கோபம் வரவில்லை. ஊற்றியிருந்தால் அதற்கும் டீக்கடையில் ஒரு பேச்சுக் கிளம்பியிருக்கும், கிளப்பியவரும் அவராகத்தான் இருந்திருப்பார். வீட்டில் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த சரக்குக்குப் பொட்டு அட்டைப்பெட்டியின் மேல் வந்தது. துரு இல்லை, எந்திரமும் விற்பனைக்குப் போகவில்லை.

"கடையில நானே சொல்லிப்போடறேனுங்க" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டுத்தான் அப்புசாமி கிளம்பினார். மூன்று மாதமாகிறது. தினமும் பதினோரு மணிக்கு டீக்கடைக்கு வருகிறார். செம்பு விலை, மருமகன் வாங்கிய கார், ஆனைமலையில் பெய்த மழை எல்லாம் பேசுகிறார். பக்கத்துப் பெஞ்சில் புவனா டீயை மெதுவாகத்தான் குடிக்கிறார்.